‘அரச வைத்தியம்’ என்னும் பூச்சாண்டி

ஜேர்மனியில் எல்லோரையும் ஒரே நோய்க் காப்புறுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எதிர்த்தரப்பு எடுத்து வீசும் சொல் ஒன்றுண்டு: ‘அரச வைத்தியம்’. தனியார் காப்புறுதிக்காரரும் வைத்தியர் சங்கங்களும் இதைச் சொல்வதில் வியப்பில்லை. பொதுக் காப்புறுதி நோயாளியிலும் பார்க்கத் தனியார் நோயாளிக்குக் கூடிய கட்டணம் எழுதலாம். ஆகவே அது அவர்களுடைய வரும்படி. எனக்கு வியப்பளிப்பது, எம்மவரில் இடதுசாரிகளாக அறியப்பட்ட சிலரும் இதைப் பயபக்தியோடு உச்சரிப்பதுதான். “அரசு தொட்டது எது உருப்பட்டது? எங்களுக்குத் தெரியாததா?” என்கிறார்கள். இந்த ‘எங்களுக்கு’ என்பதைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விடயம் இதுதான். 2003இல் ரூறுப் ஆணைக்குழு இரண்டு வழிகளை முன்வைத்தது. அரச ஊழியர், சுயதொழில் செய்வோர், கூடிய சம்பளக்காரர் உட்பட அனைவரும் வருமானத்திற்கேற்பச் செலுத்தும் ‘குடிமக்கள் காப்புறுதி’ ஒன்று. முதலாளியும் கூலியாளும் தலைக்கு ஒரே தொகை செலுத்துவது மற்றது. முதலாவதை வாதாடியவர் கொலோன் பல்கலைக்கழகத்தின் கார்ல் லவுட்டர்பாக். தனியார் காப்புறுதிச் சங்கத்தின் தலைமையகமும் நெடுங்காலம் இதே கொலோனில், றைன் கரையில்தான் இருந்தது. ஆற்றங்கரையின் செல்வாக்கே வென்றது. லவுட்டர்பாக் 2021இல் சுகாதார அமைச்சராகியும், சுதந்திர ஜனநாயகக் கட்சியோடு செய்த கூட்டணி உடன்படிக்கையில் அத்திட்டத்திற்கு இடமிருக்கவில்லை. இன்றும் பத்தில் ஒருவர் அளவில் பொதுப்பைக்கு வெளியே நிற்கிறார். கூலி உழைப்பாளிக்கு அந்தக் கதவு திறக்க, 2025இன் கணக்குப்படி, ஆண்டுக்கு 73,800 யூரோவுக்கு மேல் சம்பளம் வேண்டும்.

அந்தப் பொதுப்பை அரசினுடையதா? 1883இல் பிஸ்மார்க் சட்டம் இயற்றியபோது தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்தினர். நிர்வாகத்திலும் அதே விகிதம். சோசலிஸ்டுகளை நசுக்கப் பார்த்த பிஸ்மார்க், தன்னையறியாமல் அவர்கள் கையில் ஒரு நிறுவனத்தைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் வைத்தியர்களுக்குச் ‘சுதந்திரம்’ நினைவுக்கு வந்தது. 1900இல் லைப்சிக்கில் சங்கம் அமைத்தார்கள். 1904இல் லைப்சிக்கிலும் கொலோனிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய குறைகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. காப்புறுதிச் சபைகள் வைத்தியரைக் கூலிக்கு அமர்த்திய விதமும் அழகானதல்ல. ஆனால் 1933ஐப் பாருங்கள். ஏப்ரலில் யூத வைத்தியர்களும் இடதுசாரி வைத்தியர்களும் காப்புறுதி வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1934இல் சபைகளின் சுயநிர்வாகமே ஒழிந்து, தலைவன் சொல்லே சட்டமாயிற்று. உண்மையான அரசு, அதுவும் பாசிச அரசு, வைத்தியத்தைக் கைப்பற்றிய வேளை அது. அப்போது வைத்தியர் சங்கங்களின் தலைமை எதிர்க்கவில்லை, ஒத்துழைத்தது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் 1987 ஒக்டோபரில் இந்தியப் படை செய்ததை நான் மறக்கவில்லை. தொண்ணூறுகளில் வடக்கிற்கு மருந்து போகாமல் மறித்தது கொழும்பு அரசு. 2009இல் வன்னி ஆஸ்பத்திரிகள் மீது எறிகணை விழுந்தது. இவற்றைச் சொல்லி ‘அரசு’ என்றாலே ஒதுங்குபவரின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முள்ளிவாய்க்கால் வரை மரத்தடியிலும் கொட்டிலிலும் காயத்திற்கு மருந்து கட்டியவர்கள் யார்? அதே அரசின் சுகாதார அமைச்சில் சம்பளம் வாங்கிய வைத்தியர்கள். அதற்காகப் பின்னர் தடுத்து வைக்கப்பட்டவர்களும் அவர்களே. அரசு ஒரே கல்லில் செதுக்கிய சிலையல்ல. நாங்கள் வெறும் போத்தலோடு போய் ‘மிக்ஸர்’ வாங்கி வந்த இலவச வைத்தியமும் அதன் ஒரு முகம்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்து நினைவில் வழக்கமாக விடுபட்டுப் போவது: மலையகம். நாடு முழுவதும் அரசாங்க ஆஸ்பத்திரி பரவிய காலத்தில் தோட்டத் தொழிலாளியின் உடல் துரையின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அரைகுறைப் பயிற்சி பெற்ற ஒரு டிஸ்பென்சர், ஒரு பிள்ளைக்காம்பரா, அதோடு சரி. தோட்டத்தில் சிசு மரணம் நாட்டின் சராசரியை விடப் பல தசாப்தங்கள் உயர்ந்தே நின்றது. ‘அரசு தொடாத’ வைத்தியத்தின் இலங்கைப் பதிப்பு அது. அங்கே செத்தவை தமிழ்க் குழந்தைகள்.

இங்கே எமக்கு நடந்ததும் அதே வகைதான். 1993இல் வந்த அகதிகள் உதவிச் சட்டம் எங்களைப் பொதுக் காப்புறுதிக்கு வெளியே நிறுத்தியது. கடும் நோய், வலி, இவற்றுக்கே வைத்தியம். அதற்கும் முதலில் ‘சோசலில்’ துண்டு வாங்க வேண்டும். பல்லுக் கொதித்தால் பிடுங்கலாம், கட்டுவது பின்னர். இந்தக் காத்திருப்பை 2015இல் 15 மாதங்களாகக் குறைத்தவர்கள் 2024இல் 36 மாதங்களாக்கியிருக்கிறார்கள். அரசு எங்களுக்குச் செய்த கொடுமை, எங்களைப் பொதுப்பைக்குள் இழுத்துப் போட்டதல்ல; அதிலிருந்து பிரித்து வைத்தது. தோட்டத்திலும் அப்படி, மருந்துத் தடையிலும் அப்படி. தள்ளி வைக்கப்பட்டவன், தானாக விலகிப் போகக்கூடியவனின் உரிமைக்காக வாதாடுவது எனக்கு விளங்கவில்லை.

இப்படி வாதாடிய நண்பர் ஒருவர் உணவகம் நடத்துகிறார். முப்பது வயதில், மாதக்கட்டணம் குறைவு, வைத்தியரிடம் காத்திருக்கத் தேவையில்லை என்று தனியார் காப்புறுதிக்குப் போனார். எனது சம்பளத் துண்டில் பொதுக் காப்புறுதிக்கு வெட்டுவதைப் பார்த்து அன்று சிரித்தவர். அங்கே கட்டணம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வியாபாரம் படுத்தாலும் அது படுக்காது. சென்ற மாதம் தொழிற்சாலை வாசலில் வேலை முடியும்வரை காத்து நின்றார். பொதுக் காப்புறுதிக்குத் திரும்ப ஒரு கடிதம் எழுதித் தரட்டாம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. 2000ஆம் ஆண்டின் சட்டம் ஐம்பத்தைந்துக்குப் பிறகு அந்தக் கதவை ஏறத்தாழ அடைத்துவிட்டது. இருந்தாலும் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.