அடித்து எழுதிய 'அவள்'

ஏ. லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் பெற்ற சான்றிதழைப் பற்றிப் பலரும் புன்னகையோடு சொல்வார்கள். அச்சாகியிருந்த 'அவன்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, 'அவள்' என்று கையால் எழுதித் தந்தார்களாம். தமிழில் அந்தச் சிரமமும் இல்லை. 'மாணவர்' என்று எழுதிவிட்டால், அந்த மரியாதை விகுதிக்குள் அவள் இருக்கிறாளா என்று யாரும் தேட மாட்டார்கள்.

15 வயதில் மணம். 18இல், நான்கு மாதக் குழந்தையோடு கைம்மை. 1940இல் மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். அங்கேயே பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவ் பேசி வாங்கிய இடம் அது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒருத்தி. விடுதித் தனிமை வாட்டியது. மறுபடியும் அப்பாதான் முயன்றார். லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். லலிதாவின் கதையைச் சொல்பவர்கள் இந்தத் தனிமையை ஒரு வரியில் கடந்து சான்றிதழுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த விடுதி அறைதான் முக்கியம். சான்றிதழ் எல்லாம் முடிந்தபின் வருவது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கோவைக்கு இறங்கிப் படிக்கும் பெண்கள் விடுமுறைக்கு மலையேறி வருகிறார்கள். காலேஜ் எப்படி என்றால், "நல்லா இருக்கு மேம்." தேநீர் ஆறும்வரை காத்திருந்தால்தான் மற்றது வரும்: ஆறரைக்கு விடுதிப் பூட்டு, பாதியில் விட்டு வந்த ப்ராஜெக்ட். பையன்கள் விடுதியை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டேன்.

"அதைப் பூட்டுவாங்களா மேம்?" என்றாள் ஒருத்தி.