எண்ணூற்றைம்பது சொல்லும் எண்ணாமல் விட்ட தொடர்களும்

சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930-ஆம் ஆண்டில் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் திட்டத்தை வெளியிட்டார். 850 சொற்களைக் கற்றால் போதும், அயல்மொழியாளர் எவரும் அன்றாடக் கருத்துகளை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம் என்பது அதன் உறுதிமொழி. அவற்றுள் 600 பொருட்பெயர்கள்; 150 பண்புச் சொற்கள்; எஞ்சிய நூறும் வினை நிகழ்த்தவும் சொற்களைத் தொடுக்கவும் உதவுபவை. அந்த நூற்றிலும் வினை எனத்தக்கவை 18 மட்டுமே. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் போன்ற பெரும் திறனாய்வாளர் இதற்குத் துணை நின்றார். 1943-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய சர்ச்சிலும் இதனைப் போற்றினார். திட்டம் நிலைபெறவில்லை. ஆயினும், 'இத்தனை சொல் தெரிந்தால் ஆங்கிலம் கைவந்துவிடும்' என்று அட்டையில் அச்சிட்ட நூல்களுக்கு இன்றும் குறைவில்லை. ஆகவே அத்திட்டத்தின் கணக்கை ஆராய்வது பழங்கதை கிளறுவதாகாது.

அப்பதினெட்டு வினைகளுள் ஒன்று 'டேக்'. அகராதி இதற்கு 'எடு' என்று பொருள் கூறும். 'டேக் எ புக்' என்றால் புத்தகத்தை எடுத்தல். தமிழ் மாணவனுக்கு இடரில்லை. 'டேக் எ போட்டோ' என்பதும் எளிதே. தமிழரும் படம் எடுக்கின்றனர். மலாய்க்காரரும் 'அம்பில் காம்பார்' என்பர். ஆனால் 'டேக் மெடிசின்' என்னும் இடத்தில் வழி பிரிகின்றது. தமிழர் மருந்தைச் சாப்பிடுவர், குடிப்பர். மலாய்க்காரர் 'மாக்கான் ஊபாட்' என்று மருந்தைத் தின்பர். ஆங்கிலேயரோ அதனை 'எடுப்பர்'. மாணவன் 'ஈட் மெடிசின்' என்று எழுதினால் இலக்கண விதி எதனையும் மீறியவனாகான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் யாவும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. எனினும் சிவப்பு மை விழுகின்றது! இன்னும் மேலே சென்றால், 'டேக் பிளேஸ்' என்பது நிகழ்தல்; அங்கே இடத்தை எவரும் எடுப்பதில்லை. 'டேக் ஆஃப்டர்' என்பது பெற்றோரின் சாயலைக் கொண்டிருத்தல். 'டேக் ஆஃப்' என்பது சட்டையைக் கழற்றலும் ஆம், வானூர்தி மேலெழுதலும் ஆம். 'டேக் இன்' என்பதற்கு உள்ளே ஏற்றல், விளங்கிக்கொள்ளல், ஏமாற்றல் என மூன்று பொருளும் உண்டு. ஏமாற்றப்படுபவர் பட்டியலை நம்பிய மாணவர் போலும்.

இவை அனைத்தையும் தனித்தனியே நெஞ்சில் இருத்த வேண்டியிருக்க, 'டேக்' ஒன்று என்று எண்ணுவது எவ்வாறு பொருந்தும்? மூட்டை ஒன்று என்று எழுதிவிட்டு உள்ளிருக்கும் சரக்கைக் கணக்கில் சேர்க்காத வணிகனின் செயல் அது. சகித்தலைக் குறிக்கும் 'டாலரேட்' என்னும் சொல் ஆக்டனின் பட்டியலில் இல்லை. 'புட்', 'அப்', 'வித்' ஆகிய மூன்றும் உள்ளன. மூன்றும் ஒருங்கு சேர்ந்தால் சகித்தல் என்று பொருள்படும்; தனித்தனியே நின்றால் அப்பொருளின் நிழலும் அவற்றில் இல்லை. அயலவனுக்கு ஒரு பொருள் தரும் ஒரு சொல் சுமையா, பொருள் காட்டாத மூன்று சொற்களின் சேர்க்கை சுமையா? பட்டியல் குறுகியது, படிப்பு குறுகவில்லை.

வங்காளத்தில் கல்விப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட், வேறு சிலருடன் சேர்ந்து 1934-இலேயே இத்திட்டத்தை மறுத்து ஆராய்ந்து நூல் வெளியிட்டார். 1953-இல் அவர் தொகுத்தளித்த சொற்பட்டியல், ஒரு சொல்லின் பல பொருள்களும் எந்த அளவில் வழங்குகின்றன என்பதை விழுக்காட்டுடன் காட்டியது. அது நேர்மையான கணக்கு. சொற்சேர்க்கையையே தனிப்பொருளாக ஆராய்ந்தவர் ஹெரால்டு பாமர். அவரது அறிக்கை 1933-இல் தோக்கியோவில் வெளிவந்தது. அவ்வழி வந்த ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவரின் அகராதியும் 1942-இல் முதலில் தோக்கியோவிலேயே அச்சாயிற்று; ஆக்ஸ்போர்டு அச்சகம் அதனை 1948-இல் வெளியிட்டது. ஆங்கிலச் சொற்களின் உறவுமுறையை இவ்வளவு நுணுகிப் பார்த்த பணி ஜப்பானிய மாணவர்க்குக் கற்பித்தோரிடமிருந்து எழுந்தது வியப்பன்று. தாய்மொழியாளருக்குத் தம் மொழியின் மரபு கண்ணில் படுவதில்லை. பிள்ளை தடுக்கி விழும்போதுதான் வாயிற்படி தெரிகின்றது.

மரபு என்னும் சொல்லே தமிழாசிரியர்க்கு இங்குக் கைகொடுக்கும். தொல்காப்பிய மரபியல், இளமை குறிக்கும் பெயர்களை ஒன்பதாகத் தொகுத்து, எந்த உயிருக்கு எந்தப் பெயர் உரியது என்று வரையறுக்கின்றது. சோறு உண்ணல், முறுக்குத் தின்னல், நீர் பருகல் என்று பிரித்துரைப்பதும் அதே மரபுணர்ச்சியே. வெயில் அடிக்கின்றது, மணி அடிக்கின்றது, வண்ணம் அடிக்கின்றோம், கண் அடிக்கின்றான் என்னும் வழக்குகளை அயலவன் ஒருவன் 'அடி' என்பதற்குத் தண்டனைப் பொருள் மட்டும் தெரிந்துகொண்டு படித்தால் என்ன பாடுபடுவான்!

தேர்வுத் துணைநூல்கள் செய்யும் பிழை வேறு வகையானது. அவை சேர்க்கைகளை மறைப்பதில்லை. 'டேக்' என்னும் தலைப்பின்கீழ் பல தொடர்களை அகரவரிசையில் நிறுத்தி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. 'டேக் இன்', 'டேக் ஆன்', 'டேக் ஓவர்' மூன்றையும் ஒரே மாலையில் படித்தவன் மறுநாள் மூன்றையும் மாற்றி எழுதுகின்றான். முகம் ஒத்த உடன்பிறந்தாரை ஒரே வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்பது போன்றது அது. மாணவன் எழுதத் தொடங்கும்போது அவன் உள்ளத்தில் முதலில் எழுவது பொருட்பெயர். வினையைத்தான் தேடித் திகைக்கின்றான். 'மிஸ்டேக்' வரும், அதற்கு 'மேக்' வேண்டும். 'ஹோம்வொர்க்' வரும், அதற்கு 'டூ' வேண்டும். தலைப்பில் நிற்க வேண்டியது பெயர்ச்சொல். ஆக்ஸ்போர்டு 2002-இல் வெளியிட்ட சொற்சேர்க்கை அகராதி பெயர்ச்சொல்லின்கீழ் அதற்குரிய வினைகளைத் தொகுத்துக் காட்டுவது இதனாலேயே பயனுடையதாகின்றது.

ஓர் ஐயம் எஞ்சுகின்றது. தமிழர் தேர்வை 'எழுதுகின்றனர்'. அதனால் 'ரைட் என் எக்ஸாம்' என்பது தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. இங்கிலாந்தினர் 'டேக்' அல்லது 'சிட்' என்பர். பல்லாயிரவர் வழங்கும் தொடரைப் பிழை என்று தள்ளுவது எளிதன்று. ஆயினும் எந்த வழக்கு எந்த அவைக்கு உரியது என்று அறியாத மாணவனே மதிப்பெண் இழக்கின்றான். வகுப்பேட்டின் ஒரு பக்கத்தில் 'தேர்வு எழுதுதல்', 'மருந்து சாப்பிடுதல்', 'விளக்குப் போடுதல்' என்று தமிழ்த் தொடரை முழுமையாக எழுதி, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத் தொடரையும் அவ்வாறே முழுமையாக எழுதச் செய்தால், வினை வேறுபடும் இடத்தை அவனே கண்டு அடிக்கோடிடுவான்.