ஸ்லாலம் ஸ்கீயிங்: காசை முதலில் எதில் போடுவது?

நுழைவு வாசலிலிருந்து வெளியேறும் வாசல் வரை 259 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி ஆறு மிதவைகள். நடுவே படகு மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் நேராகப் போனால் 16.95 நொடியில் கடந்துவிடும். ஆண்கள் போட்டியின் உச்ச வேகமான 58 கி.மீ.யில் போனால் 16.08 நொடி. அதற்குள், பின்னால் கயிற்றைப் பிடித்து ஒற்றை ஸ்கீயில் நிற்பவர் ஆறு மிதவைகளையும் வெளிப்புறமாகச் சுற்றிவிட்டு வெளியேற வேண்டும். ஸ்லாலம் வாட்டர் ஸ்கீயிங் என்பது இவ்வளவுதான். சுற்றி முடித்தவருக்குப் பரிசு, இன்னும் குட்டையான கயிறு!

18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு 16, 14.25, 13, 12, 11.25 என்று குறைந்துகொண்டே போகும். 11.25 மீட்டரில் கயிற்றின் நீளம் மிதவையின் தூரத்தைவிடக் குறைவு. அங்கே மீதியை நீட்டிய கையாலும் சாய்ந்த உடலாலும்தான் ஈடுகட்ட வேண்டும். 2013-ல் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். அந்தக் கயிற்றில் அரை மிதவைக்குக்கூட எவ்வளவு மதிப்பு என்பது 11.5-லிருந்து 9.75-ஐக் கழித்துப் பார்த்தால் புரியும்.

இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் வாங்க ஆசைப்படுவது ஸ்கீயைத்தான். பளபளவென்று கார்பன் ஃபைபர், கைக்கு அடக்கம், கடையில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். காலை மாட்டும் பைண்டிங்குடன் சேர்த்தால் உச்ச ரக ஸ்கீ 2,000 டாலரை எட்டிவிடும். என் அனுபவம் இதற்கு நேர் எதிரான வரிசையைத்தான் சொல்கிறது. முதலில் படகு, அடுத்து கோர்ஸ் எனப்படும் அந்த மிதவைப் பாதை, கடைசியில் ஸ்கீ.

நாங்கள் ஓட்டுவது மத்திய ஃபுளோரிடாவில், வின்டர் ஹேவனைச் சுற்றியுள்ள ஏரிகளில். 1936-ல் டிக் போப் திறந்த சைப்ரஸ் கார்டன்ஸ், ஸ்கீ காட்சிகளால் உலகப் புகழ் பெற்றது இந்த ஊரில்தான். அந்த இடத்தில் 2011 முதல் லெகோலேண்ட் இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஓர் ஏரியில் ஸ்கீ படகின் சத்தம் கேட்காத நாள் குறைவு.

படகிலிருந்து தொடங்குகிறேன். எங்களிடம் இருப்பது 1990களின் கடைசியில் செய்த ஸ்கீ நாட்டிக் 196. பெயரிலேயே நீளம் இருக்கிறது: 19 அடி 6 அங்குலம். பிசிஎம் கம்பெனி படகுக்கேற்ப மாற்றிய ஃபோர்ட் 5.8 லிட்டர் இன்ஜின், ஜிடி-40, 310 குதிரைத்திறன். இன்ஜின் படகின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஷாஃப்ட் நேராகச் சரிந்து அடிப்பக்கம் இறங்குகிறது. இந்த டைரக்ட் டிரைவ் அமைப்புதான் ஸ்லாலத்துக்கு உயிர். எடை நடுவில் இருப்பதால் படகு தட்டையாக ஓடுகிறது, பின்னால் எழும் அலையும் சிறியதாக இருக்கிறது. அலைச்சறுக்குக்கென்று பெரிய அலை கிளப்பச் செய்த இன்றைய படகுகளில் இன்ஜின் பின்கோடியில் இருக்கும். அவற்றின் பின்னால் ஸ்லாலம் பழகுவது வீண் வேதனை.

இழுவைக் கம்பம் இன்ஜினுக்குச் சற்று முன்னால் நிற்கிறது. ஸ்கீ ஓட்டுபவர் பக்கவாட்டில் ஓங்கி இழுக்கும்போது, கயிறு படகின் பின்முனையில் கட்டியிருந்தால் பின்பாகம் அப்படியே இழுபட்டுப் போகும். நடுக்கம்பத்தில் கட்டியிருப்பதாலும், அடியில் இருக்கும் மூன்று உலோகத் துடுப்புகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதாலும் 196 கோடு மாறுவதில்லை. கோர்ஸின் நடுவே படகு போகும் வழியில் இரு பக்கமும் மிதவைகள் உண்டு. அவற்றின் இடைவெளி 2.3 மீட்டர், படகின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஓட்டுபவர் ஸ்டியரிங்கில் ஒரு விரற்கடை தவறினாலும் மிதவை படகின் பக்கத்தில் உரசும் சத்தம் கேட்கும். எடை கூடிய ஒருவர் இழுக்கும்போதுகூட அந்தச் சத்தம் இல்லாமல் ஓட்ட முடிகிறது என்பதே இந்தப் படகுக்கு நான் தரும் முதல் மதிப்பெண்.

குறை இல்லாமல் இல்லை. 18.25 மீட்டரில் அலை இதம். 16 மீட்டருக்குக் கயிற்றைச் சுருக்கியதும் பல டைரக்ட் டிரைவ் படகுகளைப் போலவே இதிலும் ஒரு மேடு முழங்காலுக்கு நேராக வந்து நிற்கிறது. முழங்காலை மடக்கிக் கொடுக்கத் தெரியாதவரை அது தூக்கிப் போடும். 14.25-க்குப் போனால் மேடு காணாமல் போகிறது. இடைநிலைப் பயிற்சியில் இருப்பவர்கள் அதிக நேரம் செலவிடும் நீளத்தில்தான் இந்த மேடு வருகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேகக் கட்டுப்பாடு தனிக்கதை. மணிக்கு 55 கி.மீ. என்றால் கோர்ஸ் முழுக்க 55-ஆக இருக்க வேண்டும். ஒவ்வொரு மிதவையிலிருந்தும் ஸ்கீ ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் பாயும்போது படகு திணறும், அந்த நொடியில் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் இதைக் கை ஆக்ஸிலரேட்டரில் உணர்ந்து செய்தார்கள், பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்தார். 2000களின் இறுதியில் ஜிபிஎஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்று போட்டிகளில் கோலோச்சுவது ஜீரோ ஆஃப் என்ற கருவி. அதில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தேர்ந்தெடுக்கலாம். இழுப்புக்குப் படகு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்பது எழுத்து, எவ்வளவு வலுவாகச் சொல்ல வேண்டும் என்பது எண். எங்கள் படகில் திராட்டில் கேபிளால் இயங்குவதால் ஜீரோ ஆஃப் பொருந்தாது. அதற்குப் பதில் பெர்ஃபெக்ட்பாஸ் கம்பெனியின் ஸ்டார்கேஸர் போட்டிருக்கிறோம், சின்ன சர்வோ மோட்டார் ஒன்று கேபிளை இழுத்துத் தளர்த்துகிறது. ஜீரோ ஆஃப் இழுப்பு கறாராக இருக்கும், ஸ்டார்கேஸரில் ஒரு நெகிழ்வு தெரிகிறது. போட்டிக்குத் தயாராகிறவருக்கு முன்னது. வார இறுதியில் பழகும் குடும்பத்துக்குப் பின்னதே போதும், முதுகுக்கும் நல்லது.

பராமரிப்பில்தான் பழைய படகின் வண்டவாளம் தெரியும். ஏரித் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கும் பம்பில் ரப்பர் இம்பெல்லர் ஒன்று இருக்கிறது. தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே கருகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள். கழற்றிய பழையதில் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று ஒடிந்து காணாமல் போயிருந்தால் அது வேறெங்கும் போகவில்லை, குளிர்நீர்ப் பாதைக்குள் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. குழாய்களைக் கழற்றி அந்தத் துண்டைத் தேடி எடுக்காவிட்டால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

ஃபுளோரிடா ஏரிகளில் இன்னொரு தொல்லை ஹைட்ரில்லா பாசி. பிசிஎம் இன்ஜினில் ஏரித் தண்ணீர் முதலில் கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்குப் போகிறது. அதன் முகப்பில் பாசி பச்சைக் கம்பளி மாதிரி படிந்துவிடுகிறது. மீட்டரில் சூடு ஏறினால் எல்லோரும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிப்பார்கள். நான் முதலில் அந்தக் கூலரின் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் கைநிறையப் பாசி வரும், செலவு ஒரு கிளிப்தான்.

ஷாஃப்ட் படகுக்குள்ளிருந்து வெளியேறும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் இருக்கிறது. ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும், அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. ஒழுகுகிறதே என்று இறுக்கி முடுக்கினால் ஷாஃப்டில் பள்ளம் விழும். இன்ஜினும் ஷாஃப்டும் சேரும் கப்ளிங்கில் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், சுற்றிலும் இடைவெளி வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தரைப்பலகையில் நடுக்கம் தெரியும், நாளடைவில் அடியில் உள்ள பேரிங் தேயும். புரொபல்லர் இதழின் ஓரத்தில் ஒரு சிறு நசுங்கலும் அதே நடுக்கத்தைத் தரும். எனவே முதலில் புரொபல்லரைக் கழற்றிச் சோதித்துவிட்டு அப்புறம் அலைன்மென்டுக்குப் போங்கள். ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெட்ரோல் இன்ஜின் மூடிய பெட்டிக்குள் இருப்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் புளோயரை நான்கு நிமிடம் ஓடவிடுவதை மட்டும் யாருக்காகவும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். தேங்கிய பெட்ரோல் ஆவியில் ஒரு பொறி பட்டால் படகும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார்.

அடுத்தது கோர்ஸ். எடுத்துச் செல்லக்கூடிய கிட்தான் எங்களுடையது. நீளவாக்கில் ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேபிள், குறுக்கே பிவிசி குழாய்க் கைகள், அவற்றின் மேல் மிதவைகள். மொத்தம் 22 மிதவைகள், இரு முனைக்கும் வெளியே வரும் முன்வாசல்களையும் சேர்த்தால் 26. வாசலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீட்டர், பிறகு மிதவைக்கு மிதவை 41. கேபிளின் ஒரு முனையை நங்கூரமிட்டுவிட்டு, படகை மெதுவாக நகர்த்திச் சுருளிலிருந்து விடுவது சுலபம். கஷ்டம் மறுமுனையை இழுத்துக் கட்டுவதில் இருக்கிறது. பக்கக் காற்று அடித்தால் கேபிள் வில்லாக வளையும். வளைந்த கோர்ஸில் படகு நேராகப் போனால் ஒரு பக்க மிதவைகள் தூரமாகவும் மறுபக்கம் கிட்டத்திலும் விழும். கேபிள் விறைப்பாக நிற்கும்வரை இழுத்து, ஒரு பக்க மிதவைகளின் வரிசைக்கு நேரே நின்று ஒற்றைக்கண்ணால் பாருங்கள். அந்தப் பக்கத்து மூன்று மிதவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தால் சரி.

வாங்கிய கிட்டை நம்பிவிடாமல் டேப் போட்டு அளக்கவும் வேண்டும். எங்களுக்கு வந்ததில் இரண்டு கைகள் ஒரு சாண் குட்டை. விற்றவரிடம் சொன்னால், ஓட்டும்போது தெரியாது என்றார். 18.25 மீட்டர் கயிற்றில் மிதவைக்கு எட்டப் படகின் பின்கோட்டிலிருந்து சுமார் 39 டிகிரி விலகினால் போதும். 12 மீட்டரில் அது 73 டிகிரி. உடல் நீட்டத்தைச் சேர்க்காத கணக்கு இது. அந்தக் கோணத்தில் ஒரு சாண் எவ்வளவு பெரியது என்று ஒரு முறை கயிற்றைப் பிடித்தவருக்குத் தெரியும். குட்டைக் கோர்ஸில் பழகியவர் போட்டிக்குப் போனால் கட்டாயம் அடிவாங்குவார். கைகளை மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

நீளத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பின்னால் ஆளில்லாமல், ஜிபிஎஸ்ஸில் 55 கி.மீ.யைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வாசல் நேரம் பாருங்கள். இரு திசையிலும் பலமுறை ஓடி சராசரி எடுங்கள். 16.95 நொடியிலிருந்து பத்தில் ஒரு நொடி விலகினாலே கோர்ஸ் ஒன்றரை மீட்டர் தவறு. மிதவைகளை இறுக ஊதிவிடாதீர்கள். கொஞ்சம் தொய்வாக இருந்தால் ஸ்கீ மேலேறினாலும் அமுங்கிக் கொடுக்கும், கணுக்கால் தப்பும். மழைக்காலத்தில் ஏரி மட்டம் ஏறினால் மிதவை முங்கிப்போகும், கட்டிய ரப்பர் குழாயைத் தளர்த்தியாக வேண்டும்.

இனி ஸ்கீ. 1922-ல் மின்னசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன், பலகை முனைகளை அம்மாவின் செப்புக் கொப்பரையில் வேகவைத்து வளைத்து, உலகின் முதல் வாட்டர் ஸ்கீயைச் செய்தார். அவர் பிடித்த கயிறு ஜன்னல் கயிறு. இன்றைய கார்பன் ஸ்கீ அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது, ஆனால் இரண்டு நடுத்தர ஸ்கீகளுக்கு இடையிலான வித்தியாசம் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. நான் ஓட்டுவது ராடார் செனட், 67 அங்குலம். அதே கம்பெனியின் போட்டி ரகமான வேப்பரைவிடச் சற்றே அகலம், அதனால் தண்ணீரில் உயர்ந்து மிதக்கிறது, எழும்போது தோள் கதறுவதில்லை. திருப்பத்தில் வேப்பர் காட்டும் கூர்மை இதில் இல்லை. 14.25 மீட்டர்வரை அந்தக் கூர்மை எனக்குத் தேவைப்படவும் இல்லை.

ஸ்கீயின் அடியில் வால்பக்கம் இருக்கும் ஃபின்னைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதன் நீளம், ஆழம், வாலிலிருந்து தூரம் மூன்றையும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை காலிபரால் அளந்து பொருத்துகிறார்கள். நீளத்தைக் காலிபரின் முனையால் அளப்பதும் தாடையால் அளப்பதும் வெவ்வேறு எண் தரும். கம்பெனி தந்த எண் எந்த முறையில் எடுத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் வால் பிடித்து நிற்கும், முன்னால் நகர்த்தினால் திருப்பத்தில் மூக்கு அதிகம் கடிக்கும். ஆயிரத்தில் ஐந்தைத் தொட்டாலே கால் உணர்ந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, எழுதி வையுங்கள்.

பைண்டிங்கில் முன்காலுக்கு முழு பூட், பின்காலுக்குச் சொருகு பட்டை என்பது என் தேர்வு. இரண்டுமே பூட் என்றால் விழும்போது இரண்டும் ஒன்றாகக் கழல வேண்டும். ஒன்று மட்டும் கழன்றால் மாட்டிக்கொண்ட கால் முறுக்கும். கயிற்றை மட்டும் மலிவாக வாங்காதீர்கள், நாள்பட்டு நீளும் கயிறு நீங்கள் அளந்து போட்ட கோர்ஸையே பொய்யாக்கும்.

என் முடிவு இது. புதிய ஸ்லாலம் படகு 1 லட்சம் டாலரைத் தாண்டுகிறது, அது கிளப்புகளுக்கும் போட்டியாளர்களுக்கும் உரியது. மற்றவர்கள் நல்ல பராமரிப்பில் உள்ள 196 ஒன்றைத் தேடுங்கள், ஜிபிஎஸ் வேகக் கட்டுப்பாடு போடுங்கள், கோர்ஸை அளந்து விரியுங்கள், மிச்சத்தில் முந்தைய வருட மாடல் ஸ்கீ வாங்குங்கள். பழைய படகைப் பார்க்கப் போகும்போது காலிபரும் ஃபீலர் கேஜும் இருந்தால் எடுத்துப் போங்கள். தண்ணீரில் இறக்கி, சூடேறும்வரை ஓட்டி, பின்னால் ஒருவரை இழுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.