வேலந்தாவளத்தை எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து வேலந்தாவளம் போய்ச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் கலந்து வரும். ஊர்ப்பெயரை இரு மொழியாரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலத்தான் எழுதுகிறார்கள், ஒலிப்புதான் வேறு. தமிழன் வாயில் 'ந்தா' என்பது 'வந்தான்' என்பதில் வருவதுபோல் குழையும். மலையாளத்தில் அது வன்மையாக நிற்கும், மலையாளப் படங்களில் கேட்கும் 'எந்தா'வைப் போல. இதை ஆங்கிலத்தில் எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். போதாக்குறைக்கு 'ல'வும் 'ள'வும் ஒன்றாகிவிடும். வடக்கிலிருந்து வரும் லாரி ஓட்டுநர், 'டி'யையும் 'எச்'சையும் சேர்த்துப் பார்த்ததும் இந்தி வழக்கப்படி மூச்சு கலந்த தகரமாகப் படிப்பார். அவர் மேல் குற்றமில்லை.

ஊரார் சொல்கிறபடியே ஊர்ப்பெயரை ஆங்கிலத்திலும் எழுத வேண்டும், சொல்ல வேண்டும் என்ற கொள்கை இன்று ஏறக்குறைய எல்லோருக்கும் உடன்பாடானது. அதில் நியாயம் உண்டு. பால்காட், காலிகட், ட்ரிவாண்ட்ரம் என்று வெள்ளைக்காரன் நாக்குக்கு ஏற்ப முறித்த பெயர்களைக் கேரளம் கைவிட்டது சரியான செயல். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்காட் என்ற வடிவம் ஆட்சி செய்த காலம் முழுவதும் தமிழர்கள் பாலக்காடு என்றேதான் சொன்னார்கள். மிருதங்க மேதை ஆங்கிலத்தில் பால்காட் மணி ஐயர், தமிழில் பாலக்காடு மணி ஐயர். தரங்கம்பாடியிலும் இதே கதை. 1620இல் வந்த டென்மார்க்குக்காரர்கள் அதை ட்ராங்கெபார் ஆக்கினார்கள். 1845இல் அதை வாங்கிய ஆங்கிலேயரும் அந்த வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர் பேச்சில் எதுவும் மாறவில்லை. அயலான் வைத்துக்கொண்ட வடிவம் உள்ளூர்ப் பெயரை அழித்துவிடும் என்ற அச்சம், பேச்சைப் பொறுத்தவரை மிகை.

கொள்கையின் பலவீனம் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. வேலூரின் புதிய வடிவத்தைச் சாதாரண ஆங்கில வாசகர் 'வீலூர்' என்றுதான் படிப்பார். கோயம்புத்தூரில் எழுத்துகள் பெருகினவே தவிர ஒலிப்பு எளிதாகவில்லை. கேலி கிளம்பியது, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். தனக்கென்றே ஒழுங்கான ஒலிப்பு விதி இல்லாத எழுத்தில் தமிழ் ஒலியை அடைத்துவிடலாம் என்று நம்பியதுதான் பிழை.

டென்மார்க்கின் ஓஹூஸ் நகரம் இதற்கு நேரெதிர்த் திசையில் போனது. 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அதன் பெயர், தலையில் வளையமிட்ட ஒற்றை 'ஏ' எழுத்தில் தொடங்கியது. 2011இலிருந்து நகராட்சி பழையபடி இரட்டை 'ஏ'வுக்குத் திரும்பியது. அந்த வளையம் வெளிநாட்டு விசைப்பலகைகளில் இல்லை என்பது முக்கியக் காரணம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை 'ஆர்ஹஸ்' என்கிறார்கள். அந்த நகரத்துக்கு அதில் பெரிய மனத்தாங்கல் இருப்பதாகத் தெரியவில்லை. தலைநகரை உலகம் கோபன்ஹேகன் என்று சொல்வதையும் டென்மார்க்குக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அந்த நிதானம் எல்லைப்புறத்திலும் இயல்பாகவே இருக்கிறது. மலையாளிகள் கோயம்புத்தூரைக் 'கோயம்பத்தூர்' என்பார்கள், நாம் திரிச்சூரைத் 'திருச்சூர்' என்போம். இதற்காக யாரும் சண்டைக்குப் போனதில்லை. ஊரார் சொல்கிறபடி என்றால் எந்த ஊரார் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. வேலந்தாவளத்தின் தமிழரும் ஊரார், மலையாளியும் ஊரார். ஒருவர் ஒலிப்பைச் சரி என்று அறிவித்தால் மற்றவர் தன் ஊரிலேயே பிழையாகப் பேசுகிறவராகிவிடுவார்.

ஆங்கிலேயன் எப்படிச் சொல்கிறான் என்பதைவிட, நாம் பக்கத்து மாநிலத்து ஊரை ஆங்கிலம் வழியாகப் படிப்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக மூணாறு என்றும் வண்டிப்பெரியாறு என்றும் சொல்லிவருகின்றன. தமிழில் அச்சாகும் சுற்றுலா விளம்பரமோ 'மூணார்' என்கிறது, சில சமயம் 'முன்னார்' என்றும். ஆங்கிலப் பலகையில் றகரமும் இல்லை, கடைசி உகரமும் இல்லை. ஆலப்புழை இன்று தமிழ்ச் செய்திகளில் 'ஆலப்புழா'. மலையாளத்தில் அந்தச் சொல் குறில் 'ழ'வில்தான் முடிகிறது, அந்த நெடில் மலையாளத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. கடைசி எழுத்தாக ஆங்கில 'ஏ'வைப் பார்த்த செய்தியறை அதை நீட்டிவிட்டது. ழ, ள, ற மூன்றும் இரு மொழிகளுக்கும் பொது. மலையாளப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தியறையில் இருந்தால் இந்தப் பிழைகளில் சிலவாவது அச்சுக்குப் போகாது.