பிணைக்கு ஒரு பிணை

சீறாப்புராணத்தின் அணிநலன்களை வெறும் மேற்பூச்சென ஒதுக்குவோர் உளர். நுபுவ்வத்துக் காண்டத்து 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஒன்றே அக்கூற்றை மறுக்கப் போதுமென்பது நம் துணிபு.

'பிணை' என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும். பொறுப்பேற்று நிற்பதையும் குறிக்கும். வேடன் கையில் அகப்பட்ட பிணை, கன்றுக்குப் பாலூட்டி மீள விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அதற்குப் பிணையாகின்றார்கள். வாக்குத் தவறாது கன்றுடன் மீண்ட மானைக் கண்டு வேடன் ஈமான் கொள்கிறான்.

மானைச் சுட்டும் அரபுச் சொல்லில் இவ்விரு பொருளும் இணைவதில்லை. அவ்விணைப்பு தமிழ் தந்தது. வேடனிடமிருந்த பிணை போய் வேறொரு பிணை நிற்கும்போது, அமானிதத்தின் கனம் ஒரே சொல்லில் புலனாகிறது. உமறுப்புலவரிடம் சிலேடை கருத்தின் ஆடையன்று. கருத்தின் உயிரென்றே நாம் கொள்கிறோம்.