சினையும் ராகி உருண்டையும்

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து நேராகக் கெலவரப்பள்ளி அணைக் கரைக்கு வந்த நண்பர், கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். யாரோ ஒருவர் ஆரஞ்சு நிற மீன் சினையை உப்பும் சர்க்கரையும் தூவிப் பதப்படுத்தி, ட்ரவுட் மீனுக்கு இரையாகக் கோக்கிறார். "நாமளும் செஞ்சு பாக்கலாமாண்ணா?" என்றார் நண்பர்.

வித்தை நல்ல வித்தைதான். பச்சைச் சினை தூண்டில் முள்ளில் நிற்காது. ஒரு வீச்சிலேயே சிதறிவிடும். உப்பு முட்டையிலிருந்து நீரை இழுக்கும். புட்டியில் போட்டு ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தால், வெளியே வந்த சாற்றை முட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு தோல் இறுகும். வெண்காரம் சேர்த்தால் எளிதில் கெடாது. ஊறுகாய் போடுகிற எந்த வீட்டுக்கும் புரிகிற கணக்கு இது. மீனின் சுபாவமும் இதற்கு ஒத்துப்போகிறது. சால்மன் முட்டையிடும் ஆறுகளில், நீரோட்டத்தில் உருண்டு வரும் முட்டைகளுக்காகவே ட்ரவுட் காத்து நிற்கும். அதற்குப் பழகிய தீனியையே முள்ளில் வைக்கிறார்கள்.

பழுதும் அங்கேயே இருக்கிறது. பிடித்த தீனி என்பதால் மீன் தயங்காமல் விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் பயன் குறைவு. இன்னொன்று, சில கலவைகளில் சேர்க்கும் சோடியம் சல்ஃபைட். அது கலந்த சினையைத் தின்ற சால்மன் குஞ்சுகளில் ஒரு பகுதி செத்துப்போனதை அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வு காட்டியது. முள்ளில் மாட்டாத மீனையும் கொல்லும் இரையைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் நீருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ட்ரவுட் என்றால் நீலகிரிதான். 1907-ல் அமைந்த அவலாஞ்சி குஞ்சுப் பொரிப்பகம் அங்கேதான் இருக்கிறது. குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடையில் வாழும் மீன் அது. கெலவரப்பள்ளிக்கோ பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை வருகிறது. மதகு திறந்தால் நுரை மலைபோல் எழும். இங்கே கிடைப்பவை கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி. கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகுவுக்குப் பாசியும் தாவரமும். சினையைக் கண்டு ஓடி வரக்கூடியவை கெளுத்தியும் ஜிலேபியும்தான். அவற்றுக்கு மண்புழுவே போதுமே!

சினைக்காகத் தாய் மீனை அறுப்பது பாவம் என்பார்கள். இந்த வாதம் இங்கே பாதிதான் செல்லும். கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. அணைகளில் குஞ்சு விட்டுத்தான் வளர்க்கிறோம். அப்படிக் குஞ்சு பெறுவதற்காகத்தான் 1957-ல் ஒரிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். ஆனால் பண்ணைக்குத் தாய் மீனாகப் போக வேண்டியதை இரைக்கு அறுத்தால் நட்டம் நட்டம்தான். ஒரு கிலோ ரோகுவிலேயே லட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.

நம் ராகி மாவு உருண்டையையும் தலையில் தூக்கிவைக்க மாட்டேன். கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த உருண்டை கெண்டைக்கு ஏற்றது, மலிவு, மீந்தால் மாடு தின்னும். ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும். அந்த எரிச்சலில் சிலர் கிலோக் கணக்கில் புண்ணாக்கை நீரில் கொட்டுகிறார்கள். அது அழுகும்போது, ஏற்கெனவே மூச்சுத் திணறும் நீரிலிருந்து மிச்சப் பிராணவாயுவையும் தின்றுவிடும். சல்ஃபைட்டைக் குறை சொல்லிவிட்டு இதைச் செய்வது எந்த ஊர் நியாயம்?

சினைக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது இரையை முள்ளில் நிற்கும்படி இறுக்குவதை. ராகி மாவைக் களிபோல் கிண்டி, ஆறவைத்து, கொஞ்சம் மைதாவோடு அழுத்திப் பிசையுங்கள். புண்ணாக்கையும் கிலோக் கணக்கில் கொட்டுவதற்குப் பதில் ஒரு கைப்பிடி போட்டால் போதும். சினை கிடைத்தால் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்துச் சாப்பிடுங்கள். கெலவரப்பள்ளி மீனாக இருந்தால் அதுவும் வேண்டாம்.