ஒப்பும் பிறப்பும்: ஆணவக் கொலையும் தமிழ்க் கதைமரபும்

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் பலரும் உடன்போக்குத் துறைக்கு வரும்போது தனியொரு பெருமிதத்தோடு பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். நாமும் அவ்வாறே பேசியிருக்கிறோம். பழந்தமிழர் காதலைப் போற்றினர். பெற்றோர் உடன்படாதவிடத்துத் தலைவி தலைவனோடு சுரம் கடந்து சென்றதையும் கற்பென்றே கொண்டனர். சாதியும் அதன் பெயரால் நிகழும் கொலையும் பின்னாளில் வெளியிலிருந்து புகுந்த கேடுகள் என்பது அப்பேச்சின் சாரம். சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு பாடம் நடத்தி முடித்த வேளையில் மாணவி ஒருவர், தலைவனும் தலைவியும் வெவ்வேறு சாதியினராக இருக்கும் பாடல் ஏதேனும் உண்டா என்று கேட்டார். நமக்கு முதலில் தோன்றியது குறுந்தொகையின் 40ஆம் பாடலே. ஆனால் அப்பாடல் இருவருடைய பெற்றோரும் ஒருவரையொருவர் அறியாதவர் என்று மட்டுமே கூறுகிறது. அறியாதவர் என்பதும் பிறப்பால் வேறானவர் என்பதும் ஒன்றல்ல. அன்று நாம் தந்த விடை மழுப்பலானது. இக்கட்டுரை அதற்குச் செலுத்தும் கடன்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சாதி மறுத்து மணந்தோரை அவர்தம் உறவினரே கொல்வதை நாளிதழ்கள் நெடுங்காலம் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதிவந்தன. கொலையாளி தன் செயலுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரையே செய்தியாளரும் வழிமொழிந்த நிலை அது. இத்தகைய கொலைகளில் மதிக்கத்தக்கது எதுவுமில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டின் லதா சிங் வழக்கிலேயே கூறிவிட்டது. ‘ஆணவக் கொலை’ என்னும் சொல் அதன் பின்னரே தமிழில் பரவலாயிற்று. சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இச்சொல்லில் மற்றொரு பொருத்தமும் புலப்படும். ஆணவம் என்பது செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன் தோன்றி, உயிர் தன்னைத் தானே அறியவொட்டாமல் மறைப்பது. சொல்லை ஆக்கியவர் இதை எண்ணியிருந்தாரா என்பது வேறு செய்தி.

விருத்தாசலத்தை அடுத்த சிற்றூரில் 2003இல் இணையர் இருவருக்கும் நஞ்சூட்டிப் பின் எரித்தனர். அவ்வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2021இல்தான் வந்தது; தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2025இல். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் தருமபுரி (2013), உடுமலைப்பேட்டை (2016) முதலிய ஊர்ப்பெயர்கள் தமிழ்கூறு நல்லுலகெங்கும் அறியப்பட்டன. ஒவ்வொன்றிலும் நடந்தது வேறு. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டினர். தருமபுரியில் ஊர்கள் எரிந்தன, மணமகன் பின்னர் இருப்புப்பாதையருகே பிணமாகக் கிடந்தார். ஆயினும் இம்மூன்றிலும் மாறாத கூறு ஒன்றுண்டு: ஆண் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், பெண் அதற்கு மேற்பட்டதாகக் கருதப்படும் சாதியினர். இக்கூறே நம்மைத் தொல்காப்பியத்தை மீண்டும் புரட்டச் செய்தது.

தலைவன் தலைவியர்க்கு இருக்க வேண்டிய ஒப்பு பத்தென மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. உரு, அன்பு, நிறை, அருள் எல்லாம் அப்பட்டியலில் உள. ஆனால் முதலிரண்டு இடங்களைப் பெறுவன பிறப்பும் குடிமையுமே. உரைமரபு பிறப்பைக் குடிப்பிறப்பென்றும் குடிமையை அதற்கேற்ற ஒழுக்கமென்றும் விளக்கும். களவியலோ ஒத்த இருவர் எதிர்ப்படுவதைக் கூறிவிட்டு, தலைவன் மிக்கவனாயினும் தடையில்லை என ஒரு நெகிழ்வையும் சேர்க்கிறது. தலைவி மிக்கவளாக இருப்பது பற்றி அங்குப் பேச்சே இல்லை. அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். மனு முதலிய தருமநூல்கள் அனுலோமம், பிரதிலோமம் எனப் பிரித்து, உயர்குலப் பெண் தாழ்குல ஆணைக் கூடுவதையே பெருங்கேடாகக் கொள்வது நாமறிந்தது. இரு நூன்மரபுகளும் ஒன்றிலிருந்து ஒன்று பெற்றனவா என்னும் ஆராய்ச்சிக்குள் நாம் புகவில்லை. இரண்டிலும் நெகிழ்வு ஒரு திசையில் மட்டுமே உள்ளது என்பதே நமக்கு வேண்டியது.

மாணவியின் வினாவிற்கு விடையும் இங்கேதான் கிடைக்கிறது. நற்றிணை 45ஆம் பாடலில் தோழி தலைவனைத் தடுத்துப் பேசுகிறாள்: இவள் மீன்பிடிக்கும் பரதவர் மகள், நீயோ மூதூரில் தேருடைய செல்வனின் மகன், புலால் நாறும் எங்களிடம் வாராதே என்பது அவள் கூற்று. நிலை வேறுபாடு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. ஆயின் ஈண்டு மிக்கவன் தலைவன். அகத்திணை இலக்கணம் இடங்கொடுத்த எல்லை அதுவரைதான்.

இதனால் தொல்காப்பியம் கொலைக்கு வழிவகுத்தது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அகமரபு உறவினரின் சினத்தை நன்கறிந்திருந்தது; அதனை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. உடன்போக்கில் தமர் பின்தொடர்ந்து இடைச்சுரத்தில் எய்துவதை அகத்திணையியல் குறிப்பிடுகிறது. நற்றிணை 362இல் தலைவன், பகைவர் வந்தால் அஞ்சாது பொருதுவேன், உன் உறவினர் வந்தால் மறைந்துகொள்வேன் என்று தலைவியிடம் உரைக்கிறான். வீரத்தைப் போற்றும் இலக்கியத்தில் ஒரு வீரன் மறைந்துகொள்வேன் என்பது எளிதன்று. அவள் கண்முன்னே அவளுடைய தமையனைக் கொல்லவும் கூடாது, அவன் கையால் மடியவும் கூடாது. ஆகவே மறைவதே அறமாகிறது.

இவற்றினும் நுட்பமானது கலித்தொகையின் 39ஆம் பாடல். ஆற்று வெள்ளத்தில் சிக்கிய தலைவியைத் தலைவன் தழுவிக் கரைசேர்த்த செய்தியைத் தோழி அறத்தொடு நின்று வெளிப்படுத்த, அது தமையன்மாரை எட்டுகிறது. அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறார்கள். ஒரு பகல் முழுதும் அச்சினம் நீடிக்கிறது. பின் ஆறி, இருவர்மீதும் குற்றமில்லை எனத் தேர்ந்து தலை சாய்க்கிறார்கள். இப்பாடலை நாம் பெரும்பாலும் அறத்தொடு நிலைக்கு எடுத்துக்காட்டாகவே கற்பித்துக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு பகல் பற்றி வகுப்பில் எவரும் பேசியதாக நினைவில்லை. கருவி கைக்கெட்டும் தொலைவில் இருக்க, காரணமும் இருப்பதாக நம்ப, அதன்பின் கொல்லாமல் விடுவதற்கு ஒரு பகல் தேவைப்பட்டிருக்கிறது. ஆயினும் ஒன்று: இத்தலைவனும் அக்குறிஞ்சி நிலத்து ஒத்த குடியினனே. ஒப்பு இல்லாதவிடத்து அத்தமையன்மார் தலை சாய்த்திருப்பார்களா என்பதற்குப் பாட்டில் விடையில்லை.

அவ்விடைக்கு நாம் கதைப்பாடல்களிடம் செல்ல வேண்டியுள்ளது. பிறப்பொவ்வாக் காதலைப் பேசுபவை அவைதாம். காத்தவராயன் அந்தணப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்படுகிறான். மதுரைவீரன் பாளையக்காரர் மகள் பொம்மியைக் கொண்டுசெல்ல, பொம்மியின் தந்தை படையோடு துரத்திவந்து போரில் மாள்கிறார். வீரன் பின்னர் வேறொரு குற்றச்சாட்டில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இருவரும் தெய்வமாயினர். கொலையுண்டோரை வணங்குதல் நம் நாட்டார் சமயத்தின் உயிர்நிலை; அச்சத்தாலும் இரக்கத்தாலும் குற்றவுணர்வாலும் ஆனது அது. ஆனால் கதை அவ்வணக்கத்திற்கு ஒரு விலை கேட்கிறது. காத்தவராயன் பறையர் வீட்டில் வளர்ந்தவனேயன்றிப் பிறந்தவனல்லன். அவன் சிவபெருமான் மகன். மதுரைவீரனும் காசியரசன் மகன். காட்டில் விடப்பட்டுச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படமும் அவ்வரசப் பிறப்பைக் கைவிடவில்லை.

இம்மாற்றத்தை நாட்டார் கற்பனையின் அழகு என்றோ தெய்வமாக்கலின் இயல்பான படிநிலை என்றோ விளக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மெய்ப்பாட்டியல் கேட்ட ஒப்பைக் கதை இங்கே இறந்தவனுக்குப் பின்னேற்பாடாகச் செய்து தருகிறது. பிறப்பு திருத்தப்பட்டதும் தலைவன் மிக்கவனாகிவிடுகிறான். காதல் இலக்கணத்துள் அடங்குகிறது. கொன்றவரின் பிழை அவன் யாரென்று அறியாமற் செய்த பிழையாகச் சுருங்குகிறது. அவன் உண்மையிலேயே சக்கிலியர் மகனாயிருந்தால் கொன்றது முறைதானே என்ற எண்ணம் கேள்வியாகக்கூட எழாமல் அடங்கிப்போகிறது. கொலைக்கு அழும் கதையே கொலைக்கான விதியைக் காப்பாற்றியும் விடுகிறது.

மலேசியத் தோட்டப்புறங்களில் மதுரைவீரனுக்கு எழுந்த சிறு கோயில்கள் எத்தனையோ. ஈழத்தில் காத்தவராயன் கூத்து இன்றும் ஆடப்படுகிறது. கடல்கடந்தும் உடன்வந்த தெய்வங்கள் இவை. அத்தெய்வத்தின் முன் பொங்கலிடும் குடும்பமே பெண்ணுக்கு வரன் வந்தால் ‘நம்ம ஆளுங்களா?’ என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பதையும் நாம் கேட்டதுண்டு. இரண்டிற்கும் முரண் இருப்பதாக அவர்கள் எண்ணுவதில்லை. கதை முரணை முன்பே தீர்த்துவைத்துவிட்டதே!

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) புதினத்தை இப்பின்னணியில் வைத்துப் படிக்கும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. தருமபுரியில் இறந்த இளைஞருக்கு அந்நூல் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. குமரேசன் தோலூரிலிருந்து சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்துவருகிறான். தாய் மாராயி முதல் ஊரார் வரை அனைவரும் கேட்பது ஒன்றே: இவள் என்ன சாதி? குமரேசன் நம் சாதியே என்று மழுப்புகிறான், எவரும் நம்பவில்லை. அவளுடைய வெளுத்த நிறமே சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஊர்த்திருவிழாவில் அக்குடும்பம் விலக்கப்படுகிறது. இங்கே மதம் வன்முறைக்குத் துணைநிற்பது எந்தச் சாத்திர மேற்கோளாலும் அன்று. அம்மனுக்குத் தீட்டு வந்துவிடும், ஊருக்கு நோவு வரும் என்னும் அச்சத்தால். அச்சம் ஊர் முழுவதற்கும் பொதுவாவதால் எவரும் தம்மைக் கொலையாளி என்று உணர வேண்டிய கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் வெறும் ஒப்பாரியாக ஒலிக்கும் மாராயியின் வசைகள் மெல்ல மெல்லத் தண்டனைத் தீர்ப்பாக இறுகும் விதம் இப்புதினத்தின் பெருவெற்றி என்போம். ஊரார் வாயிலாக வரும் உரையாடல்கள் சிலவிடங்களில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லி நடையைத் தளர்த்துகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆசிரியர் சரோஜாவின் சாதியை இறுதிவரை கூறவில்லை. திறனாய்வாளர் சிலர்க்கு இது தப்பித்தலாகத் தோன்றக்கூடும். சாதியைப் பேசும் நூல் சாதியைப் பெயர் சொல்லிப் பேச வேண்டாமா என்பது பொருளற்ற வினா அன்று. ஆனால் கதைப்பாடல் மரபை அறிந்தவர்க்கு இம்மறைப்பின் பயன் வேறு. பெயர் சொல்லப்பட்டிருந்தால் வாசகர் உடனே ஒப்பை அளக்கத் தொடங்கியிருப்பர். சொல்லப்படாத பிறப்பைத் திருத்தவும் முடியாது. புதரில் ஒளிந்திருக்கும் கருவுற்ற சரோஜாவைச் சூழ்ந்து ஊரார் தீமூட்டுகையில், வாசகர் கையில் அவளைப் பற்றி இருப்பது அவள் அஞ்சினாள், காத்திருந்தாள் என்பது மட்டுமே. கலித்தொகையின் தமையன்மார்க்குக் கிடைத்த ஒரு பகல் இவ்வூராருக்கு மாதக்கணக்கில் கிடைத்தது. அதனை அவர்கள் ஆறுவதற்குப் பயன்படுத்தவில்லை.

இனி முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களுள் இதுவே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அந்தணனாகிய பட்டன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்புகிறான். பகடை அவனிடம் குடுமியையும் பூணூலையும் களையச் சொல்லுகிறான். செருப்புத் தைக்கச் சொல்லுகிறான். பட்டன் அனைத்தும் செய்கிறான். அவனுடைய தமையன்மார் அவனைக் கல்லறையில் அடைத்துப் பார்க்கின்றனர், அவன் தப்பிவிடுகிறான். பின்னர் ஆநிரை கவர்ந்தோரோடு பொருது மடிகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கின்றனர். இங்குத் தலைவன் மிக்கவன். களவியல் தடையில்லை என்ற நிலை. ஆயினும் அதுவும் போதவில்லை. அடைத்து வைத்த கைகள் உறவினருடையவாக இருக்க, கொல்லும் கைகளைக் கதை திருடரிடம் ஒப்படைக்கிறது. பிற்பட்ட வடிவங்களிலோ பொம்மக்காவும் திம்மக்காவும் காட்டில் கண்டெடுக்கப்பட்ட அந்தணக் குழந்தைகளாகிவிட்டனர். இம்முறை பிறப்புத் திருத்தம் பெண்களுக்கு.

இக்கதையைப் பாடமாக வைக்கும்போது இருவடிவங்களையும் அருகருகே வைத்து, எது எப்போது ஏன் மாறியது என்று மாணவரைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒரே வடிவத்தைக் கொடுத்துக் கதைமாந்தர் பண்புநலன்களை எழுதச் சொல்லும் வழக்கமான வினா, திருத்தியவர் பக்கமே நின்றுவிடுகிறது. ஆசிரியர்கள் விரும்பினால் மற்றொரு சான்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பாபநாசத்திற்கு மேலே மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஒரு சந்நிதி உண்டு. அங்கே அடியார்கள் அவனுக்குக் காணிக்கையாகத் தோற்செருப்புகளைக் கொண்டுவந்து செலுத்துகின்றனர். அவற்றை அவன் இரவில் அணிந்து நடப்பதாகவும், அதனால் அவை தேய்ந்துபோவதாகவும் நம்புகின்றனர். ஏட்டில் பிறப்பைத் திருத்தியவர் எவரும் அச்செருப்புகளை அங்கிருந்து அகற்றவில்லை.